கிட்டார் ப்ராசஸரும் ஒரு மெகா ஓமும்

புதிதாக ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸர் வாங்கப் போகிற மாணவன் அட்டைப்பெட்டியில் எதையெல்லாம் படிப்பான்? எத்தனை எஃபெக்ட், எத்தனை ஆம்ப் மாடல், எத்தனை பேட்ச், லூப்பர் எத்தனை விநாடி, டிரம் மெஷின் உண்டா இல்லையா... பெட்டியின் எல்லாப் பக்கத்திலும் எண்கள்தான். ஆனால் கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் அந்தக் கருவிக்குள் காலெடுத்து வைக்கும் முதல் இடத்தில் அதற்கு என்ன ஆகிறது என்று சொல்லும் எண் மட்டும் அங்கே இருப்பதில்லை. அது கையேட்டின் கடைசிப் பக்கங்களில், எடைக்கும் அடாப்டர் வோல்டேஜுக்கும் நடுவில், பொடி எழுத்தில் கிடக்கும். அந்த எண்ணுக்குப் பெயர் இன்புட் இம்பீடன்ஸ்.

இது தெரியாததால் நடப்பது என்ன? மாதக்கணக்கில் பாக்கெட் மணி சேர்த்து ஒரு பெட்டி வாங்குகிறான். வீட்டுக்கு வந்து செருகினால் கிட்டாருக்குக் கம்பளி போர்த்திவிட்ட மாதிரி ஒரு சத்தம். ட்ரெபிளை ஏற்றுகிறான், கூடவே இரைச்சலும் ஏறுகிறது. கம்பி மாற்றுகிறான். கேபிள் மாற்றுகிறான். அடுத்து பிக்கப்பை மாற்றச் சொல்லி ஒரு நண்பன் ஐடியா கொடுக்கிறான், அதற்கும் பணம் போகிறது. எதுவும் சரிவராமல் கடைசியில் "நம்ம விரல்ல வாசிப்பு இல்லப்பா" என்று முடிவு கட்டிவிடுகிறான். விரல் மேல் குற்றமே இல்லாமலும் இருக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு.

கொஞ்சம் ஃபிசிக்ஸ் வேண்டும். பயப்பட வேண்டாம், ப்ளஸ் டூவைத் தாண்டாது.

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடியளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய ஒரு காயில். பேட்டரி கிடையாது, தானாகவே மின்சாரம் உண்டாக்குகிறது. பலம் குறைந்த ஆசாமி. அவனிடமிருந்து அதிகமாகக் கரண்ட் கேட்டால் தடுமாறிவிடுவான். அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். கீழ் வீட்டுக்காரர் குழாயை முழுசாகத் திறந்தால் மாடியில் ஷவர் மெலிந்துபோகும் அல்லவா, அதே கதை. இன்புட் இம்பீடன்ஸ் குறைவான கருவி என்றால் குழாயை முழுசாகத் திறந்த கீழ் வீடு. இம்பீடன்ஸ் அதிகமான கருவி சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்டு போதும் என்றிருக்கும் வீடு. கிட்டாருக்கு வேண்டியது இரண்டாமவர்.

ஆனால் தண்ணீர்க் கதை ஓர் இடத்தில் நொண்டுகிறது. ஷவரில் எல்லாத் தண்ணீரும் ஒரே மாதிரி குறையும். கிட்டாரில் அப்படி இல்லை. பிக்கப் ஒரு காயில் என்பதால் அதிர்வெண் ஏற ஏற அதன் சொந்த இம்பீடன்ஸும் ஏறுகிறது. ஒரு சாதாரண சிங்கிள் காயில் பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: சுமார் 6 கிலோ ஓம் மின்தடை, சுமார் 2.5 ஹென்றி இண்டக்டன்ஸ். 100 ஹெர்ட்ஸில் அதன் இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட அந்த 6 கிலோ ஓம்தான். 4,000 ஹெர்ட்ஸில் காயிலின் பங்கு மட்டும் 60 கிலோ ஓமைத் தாண்டிவிடும். ஆகவே அடுத்து வரும் கருவி முரட்டுத்தனமாக இழுத்தால் முதலில் சாவது கீழ் ஸ்வரங்கள் அல்ல, மேலே இருக்கும் பளபளப்புதான். கம்பளி போர்த்திய சத்தம் என்பதற்கு இதுதான் காரணம்.

இதோடு கேபிளும் ஆட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. கிட்டார் கேபிள் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் கொண்டது. ஐந்து மீட்டர் கேபிள் என்றால் 500, பிக்கப்பின் சொந்தச் சரக்கு ஒரு 100, மொத்தம் 600 பிகோஃபாரட். 2.5 ஹென்றியும் 600 பிகோஃபாரடும் சேர்ந்தால் சுமார் 4,100 ஹெர்ட்ஸில் ஒரு ஒத்ததிர்வு, அதாவது ரெசனன்ஸ், உண்டாகும். அந்த இடத்தில் சத்தம் ஒரு மேடு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். சிங்கிள் காயில் கிட்டாரின் அந்த 'கண்ணாடி' போன்ற குணத்துக்கு இந்த மேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. மேடு எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிப்பது எது? கிட்டாருக்குள் இருக்கும் வால்யூம், டோன் குமிழ்களும், அடுத்த கருவியின் இன்புட் இம்பீடன்ஸும்.

இணையத்தில் கிட்டார் வாசிப்பவர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "என்னுடையது 1 மெகா ஓம், உன்னுடையது வெறும் 470 கிலோ ஓம், அதனால்தான் உன் டோன் செத்துக் கிடக்கிறது" என்கிற வகைச் சண்டை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தேவையில்லாத சண்டை. 250 கிலோ ஓம் குமிழ்கள் இரண்டு இருக்கிற கிட்டாரில் அவையே சேர்ந்து 125 கிலோ ஓம் ஆகிவிடுகின்றன. அதோடு 1 மெகா ஓம் சேர்ந்தால் 111. அதற்குப் பதில் 470 கிலோ ஓம் சேர்ந்தால் சுமார் 99. மேட்டின் உச்சியில் வித்தியாசம் ஒரு டெசிபலுக்கும் குறைவு. டிரம்மர் பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கும்போது இதைக் காதால் கண்டுபிடிப்பேன் என்கிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். :-)

அதே கிட்டாரை 136 கிலோ ஓமில் செருகினால் கதை மாறுகிறது. உச்சி 4 டெசிபல் இறங்கும், எவருக்கும் கேட்கும். (பழைய ஃபெண்டர் ஆம்ப்களில் இரண்டு ஜாக் இருக்கும். முதல் ஜாக் 1 மெகா ஓம், இரண்டாவது 136 கிலோ ஓம். இரண்டாவதில் சத்தமும் பாதியாகி, கூர்மையும் மழுங்குவதற்குக் காரணம் இதுதான். அது வேண்டுமென்றே வைத்த வசதி, பிழை அல்ல.)

உண்மையான கொலை நடப்பது 10 கிலோ ஓமில். மிக்ஸரின் லைன் இன், கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு லைன் இன், கீபோர்டை மனதில் வைத்துச் செய்த எஃபெக்ட் யூனிட் எல்லாம் இந்தப் பக்கம் வரும். அவை எதிர்பார்ப்பது கீபோர்டையும் சிடி ப்ளேயரையும். அந்த ஆட்கள் பலசாலிகள், எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்கள். கிட்டாரை அதில் செருகினால் கீழ் ஸ்வரங்கள் 4 டெசிபல்தான் குறையும், 4,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபல் காணாமல் போகும். ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் சரிவு ஆரம்பித்துவிடும். ஹாஸ்டல் அறையில் ஒரு கன்வர்ட்டர் ஜாக்கை வைத்து கிட்டாரை நேராக கம்ப்யூட்டரில் செருகி, விலை உயர்ந்த ஆம்ப் சாஃப்ட்வேரை ஓடவிட்டு, "டிஜிட்டல்னா இப்படித்தான், உயிரே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னவர்கள் எத்தனை பேர்! உயிர் சாஃப்ட்வேருக்குப் போவதற்கு முன்பே போய்விட்டது. ஆடியோ இண்டர்ஃபேஸ்களில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-ஸீ' என்று ஒரு சின்ன பட்டன் இருப்பது இதற்குத்தான். அதை அழுத்தாமலே வருடக்கணக்கில் வாசிப்பவர்களும் உண்டு.

"அதான் ஈக்யூ இருக்கே, ஏத்திக்கலாமே?" என்று ஒரு கேள்வி வரும். ஏற்றலாம். 20 டெசிபல் விழுந்ததை 20 டெசிபல் ஏற்றினால், கருவி தானாகச் சேர்த்த இரைச்சலும் கூடவே 20 டெசிபல் ஏறும். அதற்கு மேல் ஒரு டிஸ்டார்ஷன் வைத்தால் மீன் வறுக்கும் சத்தம்தான்.

இன்னொரு எண்ணைப் பற்றி கையேடுகள் வாயே திறப்பதில்லை. இன்புட் கெப்பாசிட்டன்ஸ். ரேடியோ ஸ்டேஷனோ செல்ஃபோனோ கிட்டார் வழியாக உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக ஜாக்கை ஒட்டி ஒரு சின்ன கெப்பாசிட்டரைத் தரைக்கு இறக்கி வைப்பது டிசைனர்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அது 220 பிகோஃபாரட் என்றால் இரண்டு மீட்டர் கேபிளைக் கூடுதலாக இணைத்ததற்குச் சமம். மேலே சொன்ன 4,100 ஹெர்ட்ஸ் மேடு 3,500-க்கு நகர்ந்துவிடும். இரண்டு பெட்டிகளிலும் '1 மெகா ஓம்' என்றே போட்டிருக்கும், ஆனால் கிட்டார் இரண்டிலும் வேறு வேறு மாதிரி பேசும். காதை நம்புவதா, காகிதத்தை நம்புவதா என்று குழம்புகிறவர்கள் பலர் இங்கேதான் மாட்டியிருப்பார்கள். காகிதம் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டது.

பீசோ பிக்கப்காரர்களுக்கு நேர் எதிரான வியாதி. வயலின், வீணை, அகூஸ்டிக் கிட்டார் மேல் ஒட்டும் கான்டாக்ட் மைக்குகளில் பல இந்த ரகம். பீசோ என்பது கெப்பாசிட்டர் மாதிரி. அதைக் குறைந்த இம்பீடன்ஸில் செருகினால் சாவது ட்ரெபிள் அல்ல, பேஸ். 1,000 பிகோஃபாரட் பீசோவை 1 மெகா ஓமில் செருகினால் சுமார் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெலிய ஆரம்பிக்கும். வயலினுக்கு அது பெரிய நஷ்டமில்லை, வீணையின் மந்தர ஸ்தாயிக்கு நஷ்டம்தான். 10 மெகா ஓம் கொடுத்தால் 16 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், கவலையே இல்லை. லைன் இன்னில் நேராகச் செருகினாலோ தகர டப்பா. ஆக, கிட்டாருக்கு ராஜாவான 1 மெகா ஓம் பீசோவுக்குச் சில சமயம் போதாது. நடுவில் ஒரு ப்ரீஆம்ப் கேட்கும். மேடையில் இதற்கும் திட்டு வாங்குவது என்னவோ மைக்செட்காரர்தான்.

இனி ஃபஸ். இதற்குத்தான் இவ்வளவு பீடிகையும்.

1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலைக் கொண்டுவந்தது. வட்டமான இரும்புத் தட்டு மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர், மீதி உதிரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கையால் உலகப் புகழ் பெற்றது. மேலே சொன்ன இலக்கணப்படி பார்த்தால் மட்டமான டிசைன், ஏனென்றால் அதன் இன்புட் இம்பீடன்ஸ் சில கிலோ ஓம்களே. குழாயை முழுசாகத் திறந்த வீடு! ஆனால் அந்த 'தவறு'தான் அதன் உயிர். வால்யூம் குமிழ் முழுக்கத் திறந்திருக்கும்போது கிட்டாரின் கூர்மையை அது விழுங்கிவிடுவதால் ஃபஸ் கர்ணகடூரமாக இல்லாமல் தடித்து, கொழகொழவென்று வருகிறது. குமிழைப் பாதிக்குக் குறைத்தால் நடக்கும் மாயம் இன்னும் அழகு. 250 கிலோ ஓம் குமிழ் சரிபாதியில் நிற்கும்போது அடுத்த கருவிக்கு முன்னால் சுமார் 62 கிலோ ஓம் மின்தடை வந்து நின்றுகொள்கிறது. பெடலின் இம்பீடன்ஸ் 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், வருகிற வோல்டேஜில் ஏழில் ஒரு பங்குதான் உள்ளே போகும். ஃபஸ் அடங்கி, கிட்டத்தட்ட சுத்தமான ஒலியாகிவிடும். இப்போது காயிலைவிடக் குமிழின் தடையே ஓங்கி நிற்பதால் மேல் அதிர்வெண்கள் மட்டும் தனியாக அடிவாங்குவதும் குறைகிறது. எனவே சத்தம் அடங்கும்போதே பளிச்சென்றும் ஆகிறது. காலால் எதையும் மிதிக்காமல், சுண்டுவிரலால் ஒரே குமிழில் இரண்டு உலகம்.

இதே குமிழ் 1 மெகா ஓம் ப்ராசஸருக்கு முன்னால் பாதியில் நின்றால்? 94 சதவீதம் உள்ளே போய்விடும். அதாவது ஒன்றுமே நடக்காது, குமிழ் தானாகக் குறைத்த பாதியைத் தவிர. உள்ளே இருக்கும் சிப் எவ்வளவு வேகமானது, ஃபஸ் மாடல் எவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டது என்பதெல்லாம் இங்கே செல்லாது. வாசிப்பவன் கம்பியை மெல்லத் தட்டினானா, குமிழைக் குறைத்தானா என்பது 1 மெகா ஓமுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சிப்புக்குத் தெரிய வழியில்லை. இரண்டும் அதற்குச் சின்ன சிக்னல். பிக்கப்பும் குமிழும் பெடலும் கூடிப் பேசி முடிவு செய்வது டிஜிட்டலாக மாறுவதற்கு முன்னால், கம்பியில் நடக்கிற விஷயம். அங்கே இழந்ததைப் பிறகு கணக்குப் போட்டு மீட்க முடியாது.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை, கற்பனைக் கதையும் இல்லை. 2010-ல் வந்த லைன் 6 கம்பெனியின் பாட் எச்டி500-ல் இன்புட் இம்பீடன்ஸை 22 கிலோ ஓமிலிருந்து 3.5 மெகா ஓம் வரை மாற்றிக்கொள்ளலாம். வரிசையில் முதலில் நிற்கும் எஃபெக்ட் எதுவோ அதற்கேற்ப அதுவே மாற்றிக்கொள்ளவும் செய்யும். 2011-ல் வந்த ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 2-ம் அதே வழியில் போனது, கூடவே கெப்பாசிட்டன்ஸையும் சேர்த்துக்கொள்ளும் வசதியோடு. 2015-ன் ஹீலிக்ஸிலும் இது உண்டு. செய்தது பெரிய மந்திரமும் அல்ல. நிஜமான ரெசிஸ்டர்களை ஜாக்குக்குப் பக்கத்தில் சுவிட்ச் மூலம் மாற்றி மாற்றி இணைப்பதுதான். அத்தனை டிஜிட்டல் வித்தைக்கும் நடுவில், கிட்டாரை ஏமாற்ற ஒரு நிஜ ரெசிஸ்டர்தான் தேவைப்பட்டிருக்கிறது!

ஆகையால் 'நூறு பெடல் உள்ளே' என்று விளம்பரம் செய்துவிட்டு இன்புட்டை ஒரே எண்ணில் ஆணி அடித்து வைத்திருக்கும் பெட்டி, ஃபஸ் விஷயத்தில் பாதிச் சரக்கைத்தான் விற்கிறது. ஓவர்டிரைவ், டிலே, ரிவெர்ப் வகைகளுக்கு இந்தக் குறை பொருந்தாது. அவற்றின் அசல்களில் பெரும்பாலானவை அதிக இம்பீடன்ஸ் கொண்டவையோ, பின்வரிசையில் நிற்பவையோதான். அங்கே 1 மெகா ஓம் தாராளம். விலை குறைந்த பெட்டியில் மாறும் இம்பீடன்ஸ் வேண்டும் என்று அடம்பிடிப்பதும் நியாயமில்லை. ஆனால் எண்ணை வெளியே சொல்வதற்கு என்ன செலவு? 470 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கும் 1 மெகா ஓம் ரெசிஸ்டருக்கும் விலை ஒன்றுதான். அட்டையில் இன்னொரு வரி அச்சடிக்கக் கூடுதல் மசியும் ஆகாது.

சொல்லாததற்குக் காரணம் காமர்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார், 2001-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். விற்பவனுக்குத் தரம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது என்றால் நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காது, மட்டமான சரக்கே சந்தையை நிரப்பும் என்பது அவர் வாதம். ப்ராசஸர் சந்தையில் இது முழுசாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது, கையேட்டைத் தேடிப் படிக்கிறவனுக்குக் கொஞ்சமாவது தெரிந்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் எண்ணில்தான் போட்டி நடக்கும் என்பது இங்கேயும் உண்மை. எஃபெக்ட் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் ஐம்பது நூறாகிறது, நூறு இருநூறாகிறது. இன்புட் தெரிவதில்லை, அதனால் அதில் அக்கறை எடுத்துக்கொண்ட டிசைனருக்குக் கடையில் ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைப்பதில்லை. வாங்குபவர்கள் கேட்க ஆரம்பித்தால்தான் அது பெட்டிக்கு வரும். கடைக்காரரிடம் கேட்டால் அவர் முழிப்பார். முழிக்கட்டும், நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆள் வருவதற்குள் கையேட்டைப் புரட்டி வைத்திருப்பார்.

மாறும் இம்பீடன்ஸ் உள்ள விலை உயர்ந்த பெட்டியை வாங்கியவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். கிட்டாருக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் பஃபர் உள்ள ஒரு ட்யூனர் பெடலோ வயர்லெஸ்ஸோ உட்கார்ந்திருந்தால் அந்த வசதி மொத்தமும் வீண். கிட்டார் பார்ப்பது ட்யூனரை, ப்ராசஸர் பார்ப்பதும் ட்யூனரை. இருவரும் சந்திப்பதே இல்லை. ஈஎம்ஜி போன்ற பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையே இல்லை, அவர்கள் பஃபரைக் கிட்டாருக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். அதே காரணத்தால்தான் நிஜமான ஃபஸ் ஃபேஸ் அவர்களிடம் முறைத்துக்கொள்வதும்.

கடையில் சோதிக்க மீட்டர் ஒன்றும் வேண்டாம். பேட்டரி இல்லாத சாதாரண சிங்கிள் காயில் கிட்டார், நீளமான கேபிள் ஒன்று. டோன் குமிழ் முழுக்கத் திறந்து, முதலில் நேராக ஆம்பில் செருகி மேல் இரண்டு கம்பிகளைத் தட்டிக் கேட்க வேண்டும். பிறகு அதே கேபிளை ப்ராசஸரில் செருகி, எல்லா எஃபெக்ட்டையும் அணைத்து, சத்தத்தை அதே அளவுக்குச் சரிசெய்து அதே கம்பிகளைத் தட்ட வேண்டும். சத்த அளவு ஒன்றாக இல்லாவிட்டால் காது ஏமாறும், சத்தம் அதிகமானதே நல்லது என்று அது எப்போதும் சொல்லும். அதன் பிறகு ஃபஸ் மாடலைப் போட்டு, வால்யூம் குமிழை மெதுவாகப் பாதிக்குக் கொண்டுவர வேண்டும். அடங்கிப் பளிச்சென்று ஆகிறதா, வெறுமனே சின்னதாகிறதா என்று கேட்க வேண்டும். பத்து நிமிடம் போதும். அதற்குள் கடைக்காரர் டிரம் மெஷினைக் காட்ட ஆரம்பித்துவிடுவார், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.